கூடி நினைத்தால் உரு பிறக்குமா?

பலர் சேர்ந்து ஒன்றையே ஆழமாக நினைத்தால் அதற்குத் தனி உயிர் வந்துவிடும் என்று நம்புகிற மறைஞானக் குழுக்கள் உண்டு என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. சிலவற்றில் ஆர்வம் தெரிந்தது, சிலவற்றில் பயம். பயத்தோடு எழுதியவர்களுக்கு விரிவாகவே பதில் சொல்லியிருக்கிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

*

அம்மா, 'எக்ரிகோர்' என்பது ஒரு குழுவின் எண்ணங்கள் சேர்ந்து உண்டாகிற உயிர், பிறகு அதுவே குழுவை நடத்தத் தொடங்கும் என்று படித்தேன். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? டுல்பாவும் இதுவும் ஒன்றா?
— கல்லூரி மாணவி

ஒரே குடும்பம்தான், ஆனால் ஒன்றல்ல. டுல்பா என்பது ஒரு தனி மனிதர் மாதக்கணக்கில் மனதைக் குவித்து உண்டாக்குவதாகச் சொல்லப்படுவது. ஒரு குறிப்பிட்ட வேலைக்காக மட்டும் உண்டாக்கி, வேலை முடிந்ததும் கலைத்துவிடுவதை 'சர்விட்டர்' என்பார்கள். 1970-களின் கடைசியில் இங்கிலாந்தில் கிளம்பிய கேயாஸ் மேஜிக் என்ற மந்திர இயக்கத்தினர் பரப்பிய பழக்கம் அது. எக்ரிகோருக்கு ஒரு குழு வேண்டும். உறுப்பினர்கள் மாறலாம், இறக்கலாம். குழுவின் சடங்கும் சின்னமும் தொடரும்வரை அது வாழும் என்பது நம்பிக்கை.

வேரைத் தேடினால் இரண்டு ஓடைகள் தெரிகின்றன. ஒன்று, ஏனோக்கின் நூல் என்ற பழைய யூத நூல். வானத்திலிருந்து இறங்கி மனிதப் பெண்களை மணந்த, உறங்காமல் விழித்திருக்கும் தேவதூதர்கள் அதில் வருகிறார்கள். அவர்களுடைய கிரேக்கப் பெயரை 19-ஆம் நூற்றாண்டு பிரான்சில் எலிஃபாஸ் லேவி என்ற மறைஞானி எடுத்துக்கொண்டார். லேவியின் எக்ரிகோரை மனிதர்கள் உண்டாக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவை பிரம்மாண்டமான சக்திகள். நாம் இருப்பதே அவற்றுக்குத் தெரியாது, அதனால்தான் இரக்கமில்லாமல் நசுக்கிவிட்டுப் போகின்றன என்றார். 'குழு பெற்ற பிள்ளை' என்ற பொருள் அவருக்குப் பின் வந்தவர்கள் ஏற்றியது.

இன்னொரு ஓடை பிரம்மஞான சபை. 1875-இல் நியூயார்க்கில் தொடங்கிய அந்தச் சபையில் அன்னி பெசன்ட் 1896-இல் எண்ண உருவங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பிறகு அதே சபையைச் சேர்ந்த லெட்பீட்டரோடு சேர்ந்து அதை வண்ணப் படங்கள் நிறைந்த நூலாகவே விரித்தார். தாங்கள் ஞானக்கண்ணால் கண்டதாக இருவரும் விவரிக்க, ஓவியர்கள் வரைந்தார்கள். அவர்கள் வகுத்த விதி மூன்று: எண்ணத்தின் தரம் நிறத்தைத் தரும், அதன் இயல்பு வடிவத்தைத் தரும், அதன் உறுதி விளிம்பின் தெளிவைத் தரும். பகை கறுப்பு, கோபம் சிவப்பு, அன்பு ரோஜா நிறம், பக்தி நீலம், அறிவு மஞ்சள். திரும்பத் திரும்ப நினைக்கப்படும் எண்ணம் நினைத்தவரைச் சுற்றியே மிதந்துகொண்டு, கொஞ்ச காலம் தானாகவே உயிர்வாழும் என்றார்கள். அந்தப் படங்களை நான் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஞானக்கண் விஷயத்தை நான் ஏற்கவில்லை. ஆனால், பொருள்களை வரையாமல் உணர்ச்சியையே வரையப் பார்த்த அந்தத் துணிச்சல் பிடிக்கும். ஓவியர் காண்டின்ஸ்கி அந்த நூலின் ஜெர்மன் பதிப்பை வைத்திருந்தார்.

லேவியின் பிரம்மாண்டமும் பிரம்மஞானிகளின் மிதக்கும் எண்ணமும் கலந்ததுதான் இன்று நீங்கள் படிக்கிற எக்ரிகோர்.

*

அலெக்ஸாண்ட்ரா டேவிட்-நீல் உண்டாக்கிய துறவியை இன்னொருவரும் கண்ணால் பார்த்தாராமே! வெறும் கற்பனை என்றால் மற்றவருக்கு எப்படித் தெரியும்?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். டேவிட்-நீல் பிரெஞ்சுப் பயணி. வெளிநாட்டவருக்கு அனுமதி இல்லாத காலத்தில், 1924-இல் மாறுவேடத்தில் திபெத்தின் லாசா நகருக்குள் நுழைந்தவர். 1929-இல் வெளியான நூலில் இந்த அனுபவத்தை எழுதினார். குட்டையான, பருமனான, வெகுளியும் கலகலப்புமான ஒரு லாமாவை மனதில் தேர்ந்துகொண்டு தனிமையில் அமர்ந்தார். சில மாதங்களில் உரு நிலைத்தது. பயணத்திலும் கூடவே வந்தது. அவர் நினைக்காதபோதும் தோன்றியது. அங்கி உரசுவது போலவும், தோளில் கை படுவது போலவும் இருந்ததாம். அப்புறம் மாற்றம் தொடங்கியது. கொழுத்த கன்னம் வற்றியது, பார்வையில் ஏளனமும் வஞ்சகமும் வந்தன. அதைக் கலைக்க ஆறு மாதம் போராடினார்.

நீங்கள் சொல்லும் சாட்சி, அவருக்கு வெண்ணெய் கொண்டுவந்த ஓர் இடையர். கூடாரத்தில் அந்த உருவைப் பார்த்து நிஜ லாமா என்று எண்ணிக்கொண்டாராம். கதை முழுவதிலும் வெளிச்சாட்சி இது ஒன்றுதான். டேவிட்-நீலோடு பல ஆண்டுகள் அலைந்த வளர்ப்பு மகன் யோங்டென் ஒரு லாமா. டேவிட்-நீலே லாமாக்களின் உடையில் இருப்பவர். அப்படிப்பட்டவரின் முகாமில் ஓர் இடையர் 'ஒரு லாமாவைக் கண்டேன்' என்றால், அவர் கண்டது யாரை என்று அந்த ஒரு வரியை வைத்துத் தீர்மானிக்க முடியாது. டேவிட்-நீலும் நேர்மையான எழுத்தாளர்: நானே எனக்கு ஒரு மாயத்தோற்றத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கலாம் என்று அதே இடத்தில் ஒப்புக்கொள்கிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டுல்பா என்றாலே 'திபெத்தின் பழம்பெரும் ரகசியம்' என்று எழுதிவிடுகிறார்கள். திபெத்திய பௌத்தத்தில் இருப்பது வேறு: ஞானம் பெற்றவர்கள் பிற உயிர்களின் நன்மைக்காக எடுக்கும் அவதார உடல். தனிமையில் இருப்பவர் பேச்சுத்துணைக்கு ஓர் ஆளைப் படைத்துக்கொள்வதும், அது எதிர்த்து நிற்பதும் அந்த மரபின் மையம் அல்ல. இன்றைய டுல்பா கருத்தில் திபெத்தைவிடப் பிரம்மஞான சபையின் பங்குதான் அதிகம் என்று மிக்லஸ், லேகாக் என்ற இரு சமய ஆய்வாளர்கள் 2015-இல் விரிவாகக் காட்டினார்கள். ஒரு மக்களின் சமயத்தை நம் வியப்புக்குத் தீனியாக மாற்றிவிட்டு, அவர்கள் சொன்னதாகவே சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

*

நாங்கள் நண்பர்கள் ஐந்து பேர். வாரம் ஒருமுறை கூடி ஒரு சின்ன மேஜை மேல் விரல்களை வைத்து உட்காருகிறோம். நாங்களே கற்பனை செய்த ஒரு பெண்ணுக்குப் பெயரும் கதையும் வைத்தோம். இப்போது அவளைக் கூப்பிட்டால் மேஜை அசைகிறது! யாரும் தள்ளவில்லை, இது சத்தியம். ஏதோ ஒன்றை உண்டாக்கிவிட்டோமா? நிறுத்தினால் ஆபத்தா?
— பெயர் வெளியிட விரும்பாதவர்

நிறுத்தினால் ஓர் ஆபத்தும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் செய்வதை 1972-இல் கனடாவின் டொராண்டோவில் எட்டுப் பேர் திட்டமிட்டே செய்தார்கள். ஜார்ஜ் ஓவன் என்ற கணிதவியலாளரின் வழிகாட்டலில், அவர் மனைவி ஐரிஸ் ஓவனும் மற்றவர்களும் சேர்ந்து பிலிப் என்ற ஆளைப் படைத்தார்கள். 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பிரபு. கிராம்வெல் காலம். மனைவி டொரோத்தியா அன்பில்லாதவள். பிலிப் மார்கோ என்ற நாடோடிப் பெண்ணைக் காதலிக்கிறான். பொறாமை கொண்ட மனைவி அவளைச் சூனியக்காரி என்று குற்றம்சாட்ட, மார்கோவை உயிரோடு எரித்துவிடுகிறார்கள். வாய்மூடி நின்ற குற்ற உணர்ச்சியில் பிலிப் கோட்டை மதிலிலிருந்து குதித்துச் சாகிறான். அவன் வாழ்ந்ததாகச் சொன்ன மாளிகை மட்டும் நிஜமானது. கதைக்குள் வேண்டுமென்றே சில சரித்திரப் பிழைகளையும் வைத்தார்கள். பின்னால் ஒரு நிஜ ஆவி வந்து பேசியது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா!

ஏறத்தாழ ஓராண்டு அமைதியாகத் தியானம் செய்து பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முறையை மாற்றினார்கள். பாட்டு, கேலி, சிரிப்பு என்று மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பிலிப்பை ஒரு நண்பனைப் போலக் கூப்பிட்டார்கள். அதற்குப் பின் மேஜையில் தட்டும் ஓசை கேட்டதாகவும், ஒரு தட்டு 'ஆம்', இரண்டு தட்டு 'இல்லை' என்று பதில் வந்ததாகவும், மேஜை அறையில் நகர்ந்ததாகவும் எழுதினார்கள். 1974-இல் பார்வையாளர் முன்னால் படமும் எடுத்தார்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு விஷயங்கள். குழுவுக்குத் தெரியாத எதையும் பிலிப் சொல்லவில்லை. அவர்களுடைய அறிவு முடிகிற இடத்தில் அவனுடைய அறிவும் முடிந்தது. இரண்டாவது, ஒருமுறை குழுவில் ஒருவர், "பிலிப், உன்னை நாங்கள்தானே உண்டாக்கினோம்" என்று சொன்னதும் தட்டல் அத்தனையும் நின்றுபோனது. மறுபடி நம்பிக்கையைத் திரட்டிய பிறகுதான் அவன் திரும்பினான்.

'யாரும் தள்ளவில்லை' என்று நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். வேண்டுமென்று தள்ளவில்லை என்பது உண்மையாகவே இருக்கும். 1853-இல் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே இதே சிக்கலை எடுத்துக்கொண்டார். அப்போது லண்டனில் பலர் கூடி மேஜை மேல் கைவைத்து அதைச் சுற்றவைப்பது பெரிய மோகம். அவர் பல அட்டைகளை மென்மையான பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி மேஜையில் வைத்து, அவற்றின் மேல் கைகளை வைக்கச் சொன்னார். மேஜை தானாக நகர்ந்தால் அடி அட்டை முந்த வேண்டும், கை தள்ளினால் மேல் அட்டை முந்த வேண்டும். மேல் அட்டைதான் முந்தியது. அப்புறம் கை அசைவைக் காட்டும் ஒரு முள்ளை, உட்கார்ந்திருப்பவர்கள் பார்க்கும்படி வைத்தார். தங்கள் அசைவை அவர்களே பார்க்கத் தொடங்கியதும் மேஜை அசையவே இல்லை. அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்ல, நேர்மையானவர்கள் என்று ஃபாரடேயே நம்பினார். எதிர்பார்ப்பு, நமக்குத் தெரியாமலேயே தசையை இயக்கும். ஐந்து பேர் ஆளுக்குக் கொஞ்சம் இயக்கினால், 'நான் இல்லை' என்பது ஐந்து பேருக்குமே உண்மையாகத் தோன்றும்.

டொராண்டோவின் மேஜை முழுக்க இப்படித்தான் நகர்ந்தது என்று நான் நிரூபிக்க முடியாது. அந்தப் படப்பிடிப்பு ஃபாரடேயின் சோதனை போலக் கட்டுப்பாடானதும் அல்ல. உங்கள் மேஜையை நீங்கள் சோதிக்கலாம். வழவழப்பான இரண்டு காகிதத் தாள்களுக்கு நடுவே பவுடர் தூவி, மேலே விரல்களை வையுங்கள். எந்தத் தாள் முதலில் நழுவுகிறது என்று ஒருவர் தள்ளி நின்று பார்க்கட்டும். உங்களில் யாருக்கும் தெரியாத ஓர் எண்ணை வெளியாள் ஒருவர் எழுதி உறையில் மூடித் தரட்டும். அதை அவளிடம் கேளுங்கள். கடைசியாக, "உன்னை நாங்கள்தான் உண்டாக்கினோம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைச் சொல்ல உங்களில் யாராவது தயங்கினால், மேஜையை விட்டுவிட்டு அந்தத் தயக்கத்தைப் பற்றி ஐந்து பேரும் உட்கார்ந்து பேசுங்கள்.

*

இவ்வளவு எழுதுகிறீர்களே, உங்களுக்கு இப்படி ஏதாவது நேரடி அனுபவம் உண்டா?
— நீண்டநாள் வாசகர்

உண்டு என்றுதான் சொல்வேன். தியான அறையில் நடந்ததல்ல, வானொலி நாடகத்தில் நடந்தது. வாரத் தொடர் ஒன்றை நாங்கள் மூன்று பேர் மாறி மாறி எழுதி வந்தோம். அதில் ஒரு பாட்டி பாத்திரம். தொடக்கத்தில் இரண்டு வரி வசனம்தான். போகப்போக நாடகமே அவரைச் சுற்றி நடக்க ஆரம்பித்துவிட்டது.

ஒரு வாரம் எங்களில் ஒருவர், சொத்துக்காகப் பாட்டி ஒரு பொய் சொல்வதாகக் காட்சி எழுதி வந்தார். நல்ல காட்சி, கதைக்கும் தேவை. படித்துப் பார்க்க உட்கார்ந்தோம். பாட்டியாக நடிப்பவர் அந்த வரியில் வந்து நின்றுவிட்டார். ஒலிப்பதிவு செய்கிறவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "பாட்டி அப்படிப் பேச மாட்டாங்க" என்றார். எழுதியவரே தலையாட்டினார். பாட்டி பொய் சொல்ல மாட்டார் என்று எந்தத் தாளிலும் யாரும் எழுதி வைத்ததில்லை. நாங்கள் கூடித் தீர்மானித்ததும் இல்லை. ஆனாலும் அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. காட்சியைக் கிழித்துப் போட்டோம்.

நடிகைக்கு உடல்நலம் சரியில்லாமல் வேறொருவர் பேசிய வாரம், "பாட்டிக்கு என்ன ஆச்சு, நன்றாக ஓய்வெடுக்கச் சொல்லுங்கள்" என்று கடிதங்கள் வந்தன. மகனோடு சண்டை, மருமகளோடு மனக்கசப்பு என்று பாட்டியிடமே யோசனை கேட்டு எழுதியவர்களும் உண்டு. பாட்டி இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினார்கள்.

எழுதுகிறவர்களுக்கு இது அதிசயம் இல்லை. மார்ஜரி டெய்லர் என்ற உளவியலாளர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் 50 புனைகதை எழுத்தாளர்களைப் பேட்டி கண்டபோது, 92 சதவீதம் பேர் தங்கள் பாத்திரங்கள் தாமாகவே இயங்குவது போன்ற அனுபவம் இருப்பதாகச் சொன்னார்கள். அதனால் எக்ரிகோர் நம்புகிறவர்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அவர்கள் சொல்லும் அந்த உணர்வு எனக்குத் தெரியும்: யாரும் இடாத கட்டளையை எல்லோரும் கேட்பது. அது எங்கே இருந்தது என்று கேட்டால், எங்கள் பல மாத உழைப்பிலும், ஒருவர் எழுதியதை மற்றவர் மதித்த பழக்கத்திலும், கேட்டவர்களின் பிரியத்திலும் பரவிக் கிடந்தது என்பேன். அவற்றுக்கு வெளியே பாட்டி எங்கும் இல்லை.

*

என் ஆறு வயது மகள் கண்ணுக்குத் தெரியாத தோழியோடு பேசுகிறாள். சாப்பிடும்போது அவளுக்கும் இடம் விடச் சொல்கிறாள். இது டுல்பாவா?
— ஒரு தந்தை

இல்லை. இது குழந்தைப் பருவம். மேலே சொன்ன டெய்லர் குழுவினரின் இன்னோர் ஆய்வில், ஏழு வயதுக்குள் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவான குழந்தைகளுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் கற்பனைத் தோழமை இருந்தது தெரிந்தது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது பாவனை என்று நன்றாகவே தெரியும். இடம் விடுங்கள், பேச்சையும் காது கொடுத்துக் கேளுங்கள். தோழி மகளை மிரட்டினாலோ, தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொன்னாலோ மட்டும் குழந்தை மனநல மருத்துவரைப் பாருங்கள்.

*

அப்படியென்றால் கடவுளும் கோடிக்கணக்கானோர் சேர்ந்து உண்டாக்கிய எக்ரிகோர்தானா?
— இளம் வாசகர்

மறைஞானிகளில் அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சமூகவியலில் இதற்குப் பக்கத்தில் வந்தவர் எமில் துர்கெய்ம். மக்கள் ஒன்றுகூடி ஆடிப்பாடும்போது ஒரு கொந்தளிப்பு எழுகிறது, தங்களைவிடப் பெரிய ஒன்று தங்களைத் தூக்குவதாக அவர்கள் உணர்கிறார்கள், அந்தச் சக்தி சமூகமே என்று 1912-இல் எழுதினார். அந்த உணர்வைப் பொய் என்று அவர் சொல்லவில்லை. சக்தி மெய், ஊற்றுதான் வேறு என்றார்.

நம் காலத்தில் டான்யா லூர்மன் என்ற மானுடவியலாளர் பிரார்த்தனை செய்கிறவர்களோடு ஆண்டுக்கணக்கில் பழகி ஆராய்ந்தார். கற்பனையை ஊன்றிச் செய்யும் பிரார்த்தனையை ஒரு மாதம் பயின்றவர்களுக்கு மனக்காட்சிகள் கூர்மையாயின. குரல் கேட்பது போன்ற அனுபவங்களும் கூடுதலாக வந்தன. பயிற்சி காதைத் தீட்டுகிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. தீட்டிய காதுக்குப் பேசுவது யார் என்பதை அந்த ஆய்வு தீர்க்கவில்லை, லூர்மனும் தீர்ப்பு சொல்லவில்லை.

என் கருத்தைக் கேட்டால், இரண்டையும் ஒன்றாக வைப்பது பொருந்தாது. எக்ரிகோர் நம்பிக்கையில் அந்த உரு நம் கவனத்தைத் தின்று வாழ்கிறது. நாம் மறந்தால் அது அழியும். பக்தர் வணங்கும் கடவுளுக்கு வணங்குகிறவரின் தயவு தேவையில்லை. நம்பினாலும் நம்பாவிட்டாலும், இவை எதிரெதிர் திசையில் நிற்கும் கருத்துகள்.

*

ஸ்லெண்டர் மேன் இணையம் பெற்ற எக்ரிகோர் என்கிறார்கள். உண்மையா?
— பள்ளி ஆசிரியை

நீளமான கைகால்களும் முகமில்லாத தலையும் கொண்ட அந்த உருவை 2009 ஜூன் மாதம் ஒருவர் இரண்டு புகைப்படங்களைத் திருத்தி உண்டாக்கினார். யார், எப்போது, எதற்காக என்று எல்லாமே பதிவாகி இருக்கிறது. பிறகு ஆயிரக்கணக்கானோர் ஆளுக்கொரு கதை, படம், வீடியோ சேர்த்தார்கள். 'பழைய காலத்திலிருந்தே இவன் உண்டு' என்பதும் அப்படிச் சேர்ந்த ஒரு கதைதான்.

2014 மே மாதக் கடைசி நாளில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 12 வயதுச் சிறுமிகள் இருவர், அவனுக்காக என்று நம்பி, தங்கள் தோழியைக் காட்டுக்குள் கூட்டிச்சென்றார்கள். அவர்களில் ஒருத்தி அவளை 19 முறை கத்தியால் குத்தினாள். அந்தக் குழந்தை ஊர்ந்தே பாதைக்கு வந்து சேர்ந்தாள், சைக்கிளில் வந்த ஒருவர் கண்டு உதவி அழைத்தார், பிழைத்துக்கொண்டாள். கூட்டிச்சென்ற இருவரையும் நீதிமன்றம் மனநல மருத்துவமனைக்கு அனுப்பியது.

இதை 'எக்ரிகோரின் பலி' என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது. அங்கே நோயுற்ற மனம் இருந்தது, குழந்தைகளின் ரகசியம் இருந்தது, தங்களுக்குள் மட்டும் பேசிப் பேசி முறுக்கேறிய பயம் இருந்தது. பூதத்தின் மேல் பழியைப் போட்டால் இவற்றையெல்லாம் யார் பார்ப்பது? உங்கள் மாணவர்கள் இப்படி ஓர் உருவைப் பற்றிப் பேசினால் தடை போடாதீர்கள். அதை யார் வரைந்தார், எந்த ஆண்டு என்று சேர்ந்து தேடிப் பாருங்கள். பிறந்த தேதி தெரிந்த பூதத்துக்குப் பயப்படுவது கடினம்.

*

அம்மா, நான் ஒரு தியானக் குழுவில் இருக்கிறேன். எங்கள் எல்லோரின் சக்தியும் சேர்ந்த ஒரு 'காவல் உரு' இருப்பதாகத் தலைவர் சொல்கிறார். தினமும் குறித்த நேரத்தில் அதை நினைக்க வேண்டும். விலக நினைத்தேன். விலகினால் அது என்னையும் என் குழந்தையையும் சும்மா விடாது என்று சொல்லிவிட்டார். இரவில் தூக்கம் இல்லை. அறையில் யாரோ நிற்பது போல இருக்கிறது. என்ன செய்வது?
— பெயர் வேண்டாம்

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன், அம்மா. நீங்கள் விலகலாம். இன்றைக்கே விலகலாம்.

முதலில் அவர்கள் நம்பிக்கையின்படியே பார்ப்போம். மனிதர்கள் உண்டாக்கும் இந்த உருவங்களைப் பற்றி எழுதிய மறைஞானிகள் பலரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள்: கவனம்தான் இதன் உணவு. நினைக்காமல் விட்டால் தேயும். டயன் ஃபார்ச்சூன் என்ற ஆங்கிலேய மறைஞானி 1930-இல் வெளியிட்ட நூலில் ஒரு சம்பவம் எழுதினார். தனக்குத் தீங்கு செய்தவர் மேல் மனம் கசந்து, அரைத்தூக்கத்தில் பழிவாங்கும் எண்ணத்தோடு கிடந்தபோது, புராண ஓநாய் ஒன்றின் நினைவு வந்ததாம். உடனே பக்கத்தில் ஒரு சாம்பல் நிற ஓநாய் படுத்திருப்பதை உணர்ந்தாராம். அதை அவர் எப்படிப் போக்கினார் தெரியுமா? பழிவாங்குவதை விட்டுவிட முடிவு செய்தார், ஓநாயை மறுபடி தனக்குள்ளேயே இழுத்துக்கொண்டார். யாரையும் கெஞ்சவில்லை, யாருக்கும் காணிக்கை கொடுக்கவில்லை. உண்டாக்கியவருக்கே கலைக்கும் உரிமை என்பதுதான் அந்த மரபின் பாடம். அப்படியிருக்க, உங்கள் பங்கை நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்வதை எந்த உரு தடுக்கும்? விலகுகிறவரைத் துரத்திப் பிடிக்கும் காவல் உரு என்பது தலைவருக்கு வசதியான ஒரு சேர்க்கை.

இனி நான் நம்புகிறபடி சொல்கிறேன். அறையில் யாரோ நிற்கும் உணர்வு மெய்யான உணர்வு. நீங்கள் பொய் சொல்லவில்லை, பைத்தியமும் இல்லை. 2006-இல் ஓலாஃப் பிளாங்கே என்ற நரம்பியலாளரின் குழு, வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக வந்த ஒரு பெண்ணின் மூளையில் இடது பொட்டுப்பக்கத்துக்குப் பின்னால் ஓரிடத்தில் மெல்லிய மின்தூண்டல் கொடுத்தது. தனக்குப் பின்னால் ஒரு நிழல் ஆள் இருப்பதாக அவர் உடனே உணர்ந்தார். அவர் உட்கார்ந்தால் அதுவும் உட்கார்ந்தது. நம் உடலைப் பற்றிய கணக்கை மூளை எங்கே வைத்திருக்கிறதோ, அங்கே குழப்பம் வந்தால் இன்னோர் ஆள் இருப்பதாகத் தோன்றும். தூக்கம் கெட்டாலும், பயத்தில் உடல் எந்நேரமும் விறைப்பாக இருந்தாலும் அதே உணர்வு வரும். உங்களுக்கு இரண்டும் இருக்கின்றன. மருத்துவரிடம் தூக்கமின்மையையும் இந்த உணர்வையும் மறைக்காமல் சொல்லுங்கள். குழுவைப் பற்றி அவரிடம் பேசக் கூச்சமாக இருந்தால் அதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

விலகிய பிறகு முதல் சில வாரங்கள் கடினம். குழந்தைக்குச் சளி பிடிக்கும், பால் பொங்கி வழியும், வண்டி பஞ்சராகும். ஒவ்வொன்றுக்கும் 'அதுதான்' என்று மனம் சொல்லும். இதெல்லாம் குழுவில் இருந்தபோதும் நடந்தவைதான், அப்போது அவற்றை யாரும் எண்ணவில்லை. அந்தக் குறித்த தியான நேரத்தைச் சும்மா விடாதீர்கள். அந்த நேரத்தில் குழந்தையோடு வெளியே நடந்துவிட்டு வாருங்கள், அல்லது சத்தமாகப் பேசிச் சிரிக்கும் ஒருவருக்குப் போன் செய்யுங்கள். குழுவில் இருப்பவர்கள் 'உன்னைப் பற்றிக் கனவு வந்தது' என்று செய்தி அனுப்புவார்கள். பதில் போட வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். சேமித்து வையுங்கள்.

ஏனென்றால், ஒரு தாயிடம் 'உன் குழந்தைக்குத் தீங்கு வரும்' என்று சொல்வது மிரட்டல். சொல்கிறவர் அதைப் பூதத்தின் பெயரில் சொன்னாலும் மிரட்டல்தான். பணமோ, எழுதி வாங்கிய உறுதிமொழியோ, அந்தரங்கமாகப் பகிர்ந்த படமோ அவரிடம் இருந்தால் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். நேரில் வந்து தொல்லை கொடுத்தால் போலீஸுக்குப் போங்கள். அங்கே எக்ரிகோரை விளக்கத் தேவையில்லை. இன்னார், இன்ன தேதியில், இன்னபடி மிரட்டினார் என்றால் போதும்.

இதையெல்லாம் தனியாகச் செய்ய வேண்டாம். அக்காவோ தங்கையோ, கூடப் படித்தவரோ, உங்களை அந்தக் குழுவுக்கு முன்பிருந்தே அறிந்த ஒருவரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். சொன்னதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அடுத்த இதழுக்குக் காத்திருக்காமல் உங்களுக்கு நேரே பதில் அனுப்புகிறேன்.